"பாப்பாவுக்கு எத்தனை வயசு?"ன்னு கேட்டா

என் மகளுக்கு இப்ப ரெண்டு வருஷம் ஏழு மாசம். ஆளைப் பார்த்துத்தான் பதிலை மாத்துவேன்.

முதல் மூணரை மாசம் வாரக் கணக்கு. தடுப்பூசியே 6, 10, 14 வாரம்னுதானே வருது. அப்புறம் ஒன்றரை வயசு வரைக்கும் டாக்டர்கிட்ட மாசமாவே சொல்லுங்க. தட்டம்மை ஊசி 9 மாசம் முடிஞ்சதும் போடணும். "ஒரு வயசு ஆகப்போகுது"ன்னு இழுத்தா அவருக்கு எதுவும் புரியாது.

எதிர்வீட்டுப் பாட்டிக்கு எண்ணே வேண்டாம். "சுவரைப் பிடிச்சு நடக்கிறா" போதும். குழந்தையோட பருவங்களைப் பாடுற பிள்ளைத்தமிழ் இலக்கியம்கூட அப்படித்தான்: தலையை நிமிர்த்தி ஆட்டுற செங்கீரை ஐந்தாம் மாசம், கைதட்டுற சப்பாணி ஒன்பதாம் மாசம்.

வில்லங்கம் பிடிச்ச சொல் "நடக்குது". எங்க அத்தை "அஞ்சு நடக்குது"ன்னா நாலு முடிஞ்சு அஞ்சாவது ஓடுதுன்னு அர்த்தம். அக்கா பையனோட ரயில்ல போனப்ப டிக்கெட் பரிசோதகர்கிட்டயும் அதையே சொல்லிட்டாங்க. அவர் காதில் விழுந்தது "அஞ்சு" மட்டும். தனி பெர்த் கேட்காத, 5 வயசு முடியாத பிள்ளைக்கு டிக்கெட்டே தேவையில்லை. ஆனா ஆதாரைத் தேடி எடுத்துக் காட்டுறதுக்குள்ள ரெண்டு ஸ்டேஷன் போயிடுச்சு. அதனால டிக்கெட், ஸ்கூல் அட்மிஷன்னா முடிஞ்ச வயசு, கூடவே பிறந்த தேதி. அவ்வளவுதான்.

துணிக்கடையில மட்டும் ஒரு வயசு கூட்டிச் சொல்லுங்க. தீபாவளிக்கு எடுத்த கவுன் பொங்கலுக்காவது சேரணுமே!