கப்பல் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துகள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1946 கடற்படைக் கிளர்ச்சி பற்றி ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். நடை நன்றாகவே இருந்தது. இரண்டாம் பத்தியில் இப்படி ஒரு வரி: "ஐ.என்.எஸ். தல்வார் கப்பலின் மேல்தளத்தில் மாலுமிகள் திரண்டனர்." கூடவே ஒரு படம். ஏவுகணைகளோடு கம்பீரமாக நிற்கும் தல்வார், 2003-இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த கப்பல். எனக்குச் சிரிப்பு வரவில்லை; காது சுட்டது. இதே தவறை நான் 1996-இல் செய்திருக்கிறேன், இதைவிடப் பெரிய எழுத்தில்.

கப்பல் பெயரின் முன்னொட்டை எழுதுவதில் எச்சா ஹெச்சா, புள்ளி வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைகளை விட்டுவிடுகிறேன். மெய்ப்பு பார்ப்பவர் அவற்றைத் திருத்திக்கொள்வார். அவர் கண்ணுக்கும் தப்பிப் போகிறவற்றைச் சொல்கிறேன்.

தரையில் நிற்பதை மிதக்கவிடுவது

1996, கிளர்ச்சியின் 50-ஆம் ஆண்டு. நான் வேலை பார்த்த இதழ் ஒரு சிறப்பிணைப்பு கொண்டுவந்தது. அட்டைக்காக ஓவியரிடம் சொல்லி, பம்பாய்த் துறைமுகத்தில் பீரங்கிகளோடு நிற்கும் ஒரு கப்பலை வரைய வைத்தேன். அதன் பக்கவாட்டில் 'தல்வார்' என்று எழுதவும் வைத்தேன். அட்டை அச்சாகி முடிந்த அன்று, பழைய புகைப்படம் ஒன்றைக் கொடுக்க ஓய்வுபெற்ற கடற்படைக்காரர் ஒருவர் வந்தார். வயது எழுபதுக்கு மேல். மேசையில் கிடந்த அட்டையை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இதிலா நான் தந்தி அடிக்கப் படித்தேன்? நான் படித்த இடத்துக்கு வாசற்படி இருந்தது. நங்கூரம் இல்லையே."

தல்வார் கப்பலே அல்ல. பம்பாய் கொலாபாவில் இருந்த சமிக்ஞைப் பயிற்சிப் பள்ளி அது. 1946 பிப்ரவரி 18 அன்று, மட்டமான சாப்பாட்டை மறுத்து மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கியது அந்தக் கட்டடங்களில்தான். அட்டை முழுவதும் பழைய காகிதக் கடைக்குப் போனது. மறு அச்சுச் செலவில் ஒரு பங்கை மூன்று மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். ஓவியர் அதன்பின் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தப் பெயரில் இன்னொரு பிழையும் இருந்தது. 1946-இல் ஐ.என்.எஸ். என்ற முன்னொட்டே கிடையாது. அப்போது எச்.எம்.ஐ.எஸ்., அதாவது மாட்சிமை தங்கிய மன்னரின் இந்தியக் கப்பல். 1950 ஜனவரி 26-இல் குடியரசு பிறந்தபோதுதான் மன்னர் விலகி, 'இந்தியக் கடற்படைக் கப்பல்' வந்தது. மன்னரின் ஆட்சியை எதிர்த்து எழுந்தவர்கள் மன்னரின் பெயரைத் தாங்கிய தளத்தில் இருந்துதான் எழுந்தார்கள். ஐ.என்.எஸ். என்று எழுதினால் அந்த முரண் அப்படியே அழிந்துபோகிறது.

கட்டடத்துக்கு எதற்குக் கப்பல் பெயர்? பிரிட்டிஷ் கடற்படையின் பழக்கம் இது. கடற்படையின் ஒழுங்குச் சட்டம் ஏதாவது ஒரு கப்பலின் பதிவேட்டில் பெயர் இருப்பவரைத்தான் கட்டுப்படுத்தியது. ஆகவே கரையில் வேலை பார்ப்பவர்களுக்கும் ஒரு 'கப்பல்' தேவைப்பட்டது. 1804-இல் மார்ட்டினிக் தீவை ஒட்டிய ஒரு பாறையைப் பிடித்துப் பீரங்கிகளை ஏற்றி, அந்தப் பாறைக்கே, மன்னரின் கப்பல் என்று பொருள்படும் முன்னொட்டோடு, எச்.எம்.எஸ். டைமண்ட் ராக் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டு அதைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டது வேறு கதை.

நம் ஊரிலும் இதே வழக்கம்தான். அரக்கோணத்தின் ஐ.என்.எஸ். ராஜாளியும் உச்சிப்புளியின் ஐ.என்.எஸ். பருந்தும் விமானத் தளங்கள். நெல்லைச் சீமையின் விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன், நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் செய்தி அனுப்பும் நிலையம். "ராஜாளி போர்க்கப்பலில் இருந்து புறப்பட்ட விமானம்" என்று வந்த ஒரு பிரதியைப் போன ஆண்டுகூடத் திருத்தினேன். அரக்கோணத்தில் ரயில் மாறியவர் எவரும் அங்கே கடலைப் பார்த்திருக்க மாட்டார்.

இத்தனைக்கும் வேர் 'நடு சென்டர்' பழக்கம். கடைசி 'எஸ்' என்பதே கப்பல்தான்; அதன் பின்னால் கை தானாக இன்னொரு கப்பலைச் சேர்க்கிறது. ஐ.என்.எஸ். என்று கண்டதும், அது மிதக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிறக்கும் முன்பே பெயர் சூட்டுவது

படையில் முறைப்படி சேர்க்கப்பட்ட பிறகே முன்னொட்டு. இப்போதைய விக்ராந்த் 2013-இல் நீரில் இறங்கியது, 2021-இல் வெள்ளோட்டம் போனது, ஐ.என்.எஸ். ஆனது 2022 செப்டம்பர் 2 அன்றுதான். அமெரிக்காவின் யு.எஸ்.எஸ். விஷயத்திலும் இதே கண்டிப்பு உண்டு. அங்கே ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதிக்கொண்டிருந்ததை 1907-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணை போட்டு ஒழுங்குபடுத்தினார்.

இல்லாததை ஒட்டவைப்பது

ஹிட்லர் காலத்துப் போர்க்கப்பல் பிஸ்மார்க்குக்கு முன்னொட்டு இல்லை. ஜப்பானின் யமாட்டோவுக்கும் இல்லை. பிற்காலத்தவர் வசதிக்காக ஒட்டியவற்றை நாமும் தூக்கிச் சுமக்க வேண்டாம்.

மாறாக, 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட எம்டனுக்கு முன்னொட்டு உண்டு: எஸ்.எம்.எஸ்., ஜெர்மன் பேரரசரின் கப்பல். மெய்ப்பு பார்த்த ஒருவர் இதைக் கைப்பேசிக் குறுஞ்செய்தி என்று எண்ணி, எஸ்.எஸ். எம்டன் என மாற்றிவிட்டார். எஸ்.எஸ். என்றால் நீராவிக் கப்பல், வ.உ.சி. வாங்கிய காலியா அந்த வகை, வணிகக் கப்பல்.

ஐ.என்.எஸ். என்றால் இந்தியா

எப்போதும் அல்ல. 1967-இல் எகிப்திய ஏவுகணைகள் மூழ்கடித்த ஐ.என்.எஸ். எய்லாத், இஸ்ரேலுடையது.

கடலோரக் காவல் படை

தனிப் படை. அதன் கப்பல்களுக்கு முன்னொட்டு ஐ.என்.எஸ். அல்ல, ஐ.சி.ஜி.எஸ்.

ஒரு கப்பலுக்கு ஒரே முன்னொட்டு என்று நினைப்பது

1939 டிசம்பரில் பிளேட் ஆற்று முகத்துவாரப் போரில் சண்டையிட்டது எச்.எம்.எஸ். அக்கிலீஸ். 1941-இல் அதுவே நியூசிலாந்தின் எச்.எம்.என்.இசட்.எஸ். அக்கிலீஸ். 1948-இல் இந்தியா வாங்கியபோது எச்.எம்.ஐ.எஸ். டெல்லி. 1950 முதல் ஐ.என்.எஸ். டெல்லி. எந்த ஆண்டைப் பற்றி எழுதுகிறோமோ அந்த ஆண்டின் பெயர்தான் வர வேண்டும்.

முன்னொட்டும் பெயரும் சரியாக இருந்தும் தடுக்கி விழுவதுண்டு. நம் விமானந்தாங்கிக் கப்பலாக இருந்த விராட், நம்மிடம் வருமுன், 1982 ஃபாக்லாந்து போரின்போது எச்.எம்.எஸ். ஹெர்மிஸ். 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்ததும் எச்.எம்.எஸ். ஹெர்மிஸ்தான், ஆனால் அது முந்தைய கப்பல். இரண்டையும் ஒன்றாக்கி ஒருவர் எழுதிய கட்டுரையில், மட்டக்களப்புக் கடலடியில் கிடந்த கப்பல் 1987-இல் எழுந்து வந்து இந்தியக் கடற்படையில் சேர்ந்துவிட்டது.