நாடி பார்க்கப் போனால் ஒரு நோட்டும் எடுத்துப் போங்கள்

பங்குனியில் அக்கா நாடி ஜோதிடம் பார்க்கக் கிளம்பினாள். மகனுக்கு வரன் தகையவில்லை. வைத்தீஸ்வரன்கோயில் வரைக்கும் போகவில்லை, பக்கத்து டவுனிலேயே ஒருவர். துணைக்குப் போன நான் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துப் போனேன். நீங்களும் எடுத்துப் போங்கள்.

முன்பதிவுக்குச் சொந்தப் பெயர், போன் நம்பர் கொடுக்காதீர்கள். நேரே போய்க் கட்டைவிரல் ரேகை மட்டும் வையுங்கள்: ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது.

அப்புறம்தான் முக்கியமான வேலை. நம் பலன் எழுதியிருப்பதாகச் சொல்லும் ஓலையைத் தேடும்போது ஜோதிடர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும், உங்கள் பதிலையும் எழுதுங்கள். "அப்பா பேரு 'ரா'வில் ஆரம்பமா?" "இல்லை." அடுத்த ஓலை. "சாமி பேரா?" "ஆமாம்." "சிவன் பேரா?" "இல்லைங்க, அது என் மாமனார் பேரு. அப்பாவுக்கு முருகன் பேரு." பாருங்கள், கேட்டது ஒன்று, அக்கா கொடுத்தது மூன்று! ஆமாம், இல்லை என்பதற்கு மேல் ஒரு சொல் பேசக் கூடாது. அதுவே அதிகம்தான், இருபது ஆமாம்-இல்லை கேள்விகளால் பத்து லட்சம் பெயர்களில் ஒன்றைப் பிடித்துவிடலாம்.

ஒரு மணி நேரம் கழித்து அவர் ராகம் போட்டுப் படித்தார்: "தந்தை நாமம் சுப்பிரமணியன்." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் நோட்டில் அதற்குள் 43 கேள்விகள். 29-க்குப் பதில் 'இல்லை'. வீட்டுக்கு வந்து அவள் சொன்ன கதையில் அந்த 29-ம் இல்லை. பொய் சொல்லவில்லை, மறந்துவிட்டாள். நோட்டு அதற்குத்தான்.

குணம் சொல்லும் பகுதியை எழுதவே வேண்டாம். 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் 39 மாணவர்களுக்கு ஒரே குணக்குறிப்பைத் தனித்தனியாக எழுதியதுபோல் கொடுத்தார். தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்குச் சராசரி 4.26 மதிப்பெண் போட்டார்கள்.

பலன் சொல்லும்போது மட்டும் விடாதீர்கள். "ஆவணியில் மேற்கிலிருந்து நல்ல சேதி" என்றார். எந்த வருடத்து ஆவணி, எது வந்தால் நல்ல சேதி, எது வராவிட்டால் பலிக்கவில்லை என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை. எங்களவர் கடைசியில் "இந்த வருஷமே, கல்யாணம் நிச்சயமாகும்" என்றார்.

பரிகாரம் சொல்லும் சாந்தி காண்டத்துக்கு அக்கா தனியாகப் பணம் கட்டினாள். நான் தடுக்கவில்லை. நோட்டு என் மேஜையில் இருக்கிறது. ஆவணி முடிய இன்னும் பதினோரு நாள்.