உங்கள் குரலில் ஓர் ஒலிநூல்: முதல் பதிவைச் செய்வது எப்படி?

பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்து இலவச ஒலிநூல்களாக வெளியிடும் திட்டம் லிப்ரிவாக்ஸ். 2005-இல் ஹியூ மெக்குவயர் தொடங்கியது. குரல் தேர்வு எதுவும் கிடையாது, எந்த உச்சரிப்புக்கும் இடமுண்டு. கண்பார்வை மங்கிய ஒருவருக்கு உங்கள் குரலே புத்தகமாகிறது என்பதை நினைத்தாலே எனக்கு உட்கார்ந்து வாசிக்கத் தோன்றிவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாசித்த பதிவும் பொதுச்சொத்தாகிவிடும். யாரும் நகலெடுக்கலாம், விற்கவும் செய்யலாம். இதற்குச் சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

படி 1: அறை

விலை உயர்ந்த மைக்கைத் தேடி அலைய வேண்டாம். சாதாரண யூஎஸ்பி மைக் போதும், அறைதான் முக்கியம். வெறும் சுவர்கள் குரலைத் திருப்பி அனுப்பும். அதனால் துணி அலமாரியைத் திறந்துவைத்து, அதைப் பார்த்தபடி உட்காருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். 'ப' வரும்போது வெளிப்படும் காற்று அப்போதுதான் மைக்கில் நேராக மோதாது.

படி 2: மென்பொருள்

குரலைப் பதிவுசெய்யவும் வெட்டி ஒட்டவும் உதவும் ஆடாசிட்டி மென்பொருள் இலவசம். மோனோ (ஒரே ஒலித்தடம்), 44,100 ஹெர்ட்ஸ், 128 கேபிபிஎஸ் எம்பி3 என்று அமைத்துக்கொள்ளுங்கள். ஒலியளவு 89 டெசிபலை ஒட்டி இருக்க வேண்டும். ஒரு நிமிடச் சோதனைப் பதிவை லிப்ரிவாக்ஸுக்கு அனுப்பினால் அனுபவமுள்ள தன்னார்வலர் கேட்டு, எதை மாற்ற வேண்டும் என்று சொல்வார்.

படி 3: நூல்

முழு நாவலை முதலிலேயே எடுக்காதீர்கள். ஒரு கவிதை, அல்லது பலர் சேர்ந்து வாசிக்கும் நூலில் ஒரே ஓர் அத்தியாயம் போதும். நூலின் பதிப்புரிமை முடிந்துவிட்டதா என்பதை லிப்ரிவாக்ஸ் அமெரிக்கச் சட்டத்தின்படி பார்க்கும். உங்கள் நாட்டுச் சட்டத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பு என்றால் கூடுதல் கவனம் தேவை: மூலம் பழையதாக இருந்தாலும் மொழிபெயர்த்தவரின் உரிமை இன்னும் முடியாமல் இருக்கலாம்.

படி 4: வாசிப்பு

அத்தியாயத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எந்தப் பாத்திரம் எந்தத் தொனியில் பேசுகிறது என்பது அப்போதே பிடிபடும். தொடக்கத்தில் லிப்ரிவாக்ஸ் தரும் அறிவிப்பு, பிறகு நூலின் பெயர், ஆசிரியர், அத்தியாயம். இறுதியில் 5 விநாடி மௌனம்.

தடுமாறினால் பதிவை நிறுத்தாதீர்கள். ஒருமுறை கைதட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். மென்பொருள் திரையில் காட்டும் ஒலியின் அலைவரைபடத்தில் கைதட்டல் உயரமான முள்போலத் தெரியும், வெட்டவேண்டிய இடத்தைத் தேட வேண்டியதில்லை. இந்தப் பழக்கம் வந்த பிறகுதான் என் வாசிப்பில் பயம் போய், கதை வந்தது.

படி 5: சீரமைப்பு

பேசாத சில விநாடிகளைத் தேர்ந்தெடுத்து, அதை மாதிரியாக வைத்து இரைச்சலைக் குறையுங்கள். லேசாகத்தான். அதிகமானால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகிவிடும்.

படி 6: சரிபார்ப்பு

இன்னொரு தன்னார்வலர் உங்கள் பதிவைக் கேட்டு, பிழை வந்த நிமிடத்தையும் விநாடியையும் குறித்து அனுப்புவார். என் முதல் அத்தியாயத்தில் ஒரு வரியே விடுபட்டிருந்ததை அப்படி ஒருவர்தான் கண்டுபிடித்தார். அதே மைக், அதே தூரம், முடிந்தால் அதே நேரத்தில் அந்த வரியை மட்டும் மறுபடி வாசித்து ஒட்டுங்கள். எல்லா அத்தியாயங்களும் சேர்ந்ததும் நூல் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் ஏறும். உங்கள் பெயரோ நீங்கள் வைத்துக்கொண்ட புனைபெயரோ வாசித்தவர் இடத்தில் இருக்கும்.