பெர்லினுக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெர்லினில் எனக்குக் கிடைத்த முதல் இருப்பிடம் வெட்டிங் பகுதியில், நாலாவது மாடியில் ஓர் அறை. வீடு இன்னொருவர் பெயரில் இருந்தது. வந்து மூன்று வாரம் ஆகியும் வங்கி அட்டை வரவில்லை, வரி எண்ணும் வரவில்லை. கேட்டால், "தபாலில் அனுப்பியாகிவிட்டதே" என்றார்கள். ஒருநாள் சாயங்காலம், படிக்கட்டுக்குக் கீழே வரிசையாக இருந்த தபால் பெட்டிகளுக்கு முன்னால் நின்று ஒவ்வொரு பெயராகப் படித்தேன். இருபத்திரண்டு பெட்டிகள். ஒன்றில்கூட என் பெயர் இல்லை.

இங்கே பெரும்பாலும் வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. கட்டடத்துக்குத்தான் எண். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதைப் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை வைத்துத்தான் தபால்காரர் தெரிந்துகொள்கிறார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அன்று இரவே ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரை எழுதி ஒட்டினேன். அதற்கப்புறம்தான் கடிதங்கள் வரத் தொடங்கின.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் பலருக்கு அப்பா பெயர்தான் இருக்கும். அரசு அலுவலகங்கள் அந்தப் பெயரைப் போட்டுத்தான் கடிதம் அனுப்பும். பெட்டியிலும் கீழே வாசல் மணியிலும் உங்கள் பெயரை மட்டும் ஒட்டாமல், பாஸ்போர்ட்டில் உள்ளபடி இரண்டு பெயரையும் ஒட்டுங்கள். மனைவியின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர் இருந்தால் அதையும் சேர்த்து ஒட்ட வேண்டும். உள்வாடகை என்றால், விலாசம் கொடுக்கும்போது உங்கள் பெயருக்குக் கீழே, வீடு யார் பெயரில் வாடகைக்கு எடுக்கப்பட்டிருக்கிறதோ அவர் பெயரையும் எழுதுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஜெர்மனியில் முக்கியமான எதுவும் தபாலில்தான் வரும். புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் சிக்கல்களில் பாதி, கடிதம் கைக்கு வராததாலோ, வந்ததைப் படிக்காமல் வைத்ததாலோதான் தொடங்குகிறது.

பிரிக்காத கடிதம்

மொழி புரியாததால் கடிதங்களைப் பிரிக்காமல் மேசை மேல் அடுக்கி வைக்கும் பழக்கம் மெல்ல வந்துவிடும். தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். குறிப்பாக மஞ்சள் உறை. நீதிமன்றமோ அரசு அலுவலகமோ சட்டப்படி சேர்ப்பிக்கும் கடிதம் மஞ்சள் உறையில் வரும். உறையின் மேலேயே தபால்காரர் தேதி எழுதிவிட்டுப் போவார். அவர் பெட்டியில் போட்ட அன்றே கெடு ஓடத் தொடங்கிவிடும், நீங்கள் பிரித்தீர்களா இல்லையா என்பது கணக்கில் வராது. அபராத உத்தரவுக்கோ, கடன் பாக்கிக்காக நீதிமன்றம் அனுப்பும் நோட்டீசுக்கோ ஆட்சேபம் சொல்ல இரண்டே வாரம்தான். அதனால் உறையையும் தூக்கிப் போடாதீர்கள், அந்தத் தேதிக்கு அதுதான் சாட்சி.

அடிக்கடி கிழித்துப் போடப்படும் இன்னொரு கடிதம், வானொலி தொலைக்காட்சிக் கட்டணமான ருண்ட்ஃபுங்க்பைட்ராக். மாதம் 18.36 யூரோ. "என்னிடம் டிவியே இல்லையே" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். டிவி இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, வீட்டுக்கு வீடு கட்டணம், அவ்வளவுதான். குடியேறிய மாதத்திலிருந்து கணக்குப் போட்டு, நிலுவையோடு சேர்த்துக் கேட்பார்கள். ஆனால் ஒரு வீட்டில் ஒருவர் கட்டினால் போதும். கூட இருப்பவர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அவருடைய கட்டண எண்ணை எழுதி அனுப்புங்கள், உங்கள் பெயரில் தனியாகக் கேட்க மாட்டார்கள்.

சரி, ஜெர்மன் கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமே? காரிட்டாஸ், டியாகோனி, ஆவோ போன்ற அமைப்புகள் புதிதாகக் குடியேறியவர்களுக்கு இலவச ஆலோசனை தருகின்றன. கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் உட்கார்ந்து விளக்குவார்கள். நம் ஆட்களும் இங்கே நீண்ட நாளாக இருக்கிறார்கள். 1980-களில் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிக்ஷ்ட்ராஸ நிலையம் வழியாக மேற்கு பெர்லினுக்குள் வந்து சேர்ந்த ஈழத் தமிழர்கள் பலர். பிரிட்ஸ் பகுதியில் மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. அங்கே சந்திக்கும் அக்கா ஒருவரிடம் ஒரு கடிதத்தை நீட்டினால், இது பயப்பட வேண்டியதா இல்லையா என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். கேட்க வெட்கப்பட்டு நாளைக் கடத்துவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு.

வீடு

வீட்டு நெருக்கடி உள்ள ஊர் என்பதால் அவசரத்தில்தான் ஏமாறுகிறார்கள். "நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்புங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தம் கையில் இல்லாமல் ஒரு யூரோகூடக் கொடுக்கக் கூடாது. அட்வான்ஸுக்குச் சட்டத்தில் உச்ச வரம்பு உண்டு. மூன்று மாதக் கால்ட்மீட்டே, அதாவது பராமரிப்பு, வெந்நீர், ஹீட்டர் செலவெல்லாம் சேராத வெறும் வாடகையில் மூன்று மடங்கு. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்டும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. இது தெரியாமல் கடன் வாங்கி மொத்தமாகக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விளம்பரத்தில் "பதிவு செய்ய முடியாது" என்று ஒரு வரி இருந்தால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் போகாதீர்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பியூர்கராம்ட் என்ற வட்டார அரசு அலுவலகத்தில் போய் விலாசத்தைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு, நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்கள் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வேண்டும். அதைக் கொடுப்பது அவருடைய சட்டக் கடமை. பதிவு நடந்தால்தான் பதினோரு இலக்க வரி எண் வீடு தேடி வரும். அந்த எண் இல்லாவிட்டால் சம்பளத்தில் ஆறாம் வரி வகுப்பில் பிடித்துவிடலாம், அதுதான் இருப்பதிலேயே அதிகம். பின்னால் திரும்பக் கிடைக்கும் என்றாலும் முதல் மாதத்தில் அந்தப் பணம் இல்லாமல் திண்டாட வேண்டியிருக்கும். பதிவுக்கான நேரம் இணையத்தில் அத்தனை சுலபமாகக் கிடைக்காது. காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்தில் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள், இல்லையென்றால் அரசு அலுவலகங்களின் உதவி எண்ணான 115-ஐ அழையுங்கள். பெர்லினின் எந்த வட்டாரத்து அலுவலகத்துக்கும் போகலாம்.

காலி வீடு என்றால் சில சமயம் உண்மையிலேயே காலி வீடுதான். சமையலறையில் சிங்க் இருக்காது, அடுப்பு இருக்காது, கூரையில் பல்பு தொங்க வேண்டிய இடத்தில் மூன்று கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். முன்பு இருந்தவர் தன் சமையலறைச் சாமான்களை உங்களுக்கு விற்கப் பார்ப்பார். பேரம் பேசலாம். சாவி வாங்கும் அன்று சுவரில் உள்ள கறை, தரைக் கீறல், மின்சார மீட்டர் எண் எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள், படமும் எடுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் கை வைக்காமல் தடுப்பது அந்தத் தாள்தான்.

அப்புறம் பூஞ்சணம். இதை நம்மவர்கள் பலர் ஊரில் இப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள், அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம். குளிர்காலத்தில் ஜன்னலை இறுக்கி மூடிவிட்டு, உள்ளே குக்கரில் சோறு, ரசம் கொதிக்கிறது, அறைக்குள்ளேயே கொடி கட்டித் துணி காய்கிறது. அந்த ஈரம் போக வழியில்லாமல் குளிர்ந்த வெளிச்சுவரில் போய்ப் படிகிறது. என் தோழி ஒருத்தி, சுவரை ஒட்டி நின்ற துணி அலமாரியை பிப்ரவரி மாதம் நகர்த்திப் பார்த்தாள். பின்னால் முழங்கால் உயரத்துக்குக் கரும்புள்ளி. அடுக்கியிருந்த பட்டுப்புடவைகளில்கூட அந்த வாடை ஏறிவிட்டது. ஜன்னலை நாள் முழுக்கச் சாய்த்துத் திறந்து வைப்பதும் பலன் தராது, சுவர்தான் குளிரும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, ஜன்னல்களை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் வைத்து மூடுங்கள். ஷ்டோஸ்லுயிஃப்டன் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அளவு தள்ளிப் போடுங்கள். தாளிக்கும்போது புகை அலாரம் அடிக்கிறது என்று அதைக் கழற்றி வைப்பவர்கள் உண்டு. பெர்லினில் சமையலறை தவிர மற்ற வசிக்கும் அறைகளிலும் வெளியே போகும் நடைவழியிலும் அது சட்டப்படி கட்டாயம், உங்கள் குழந்தைகளின் உயிர்க் காவல். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தாளியுங்கள்.

வீட்டுக் கதவு இங்கே சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். வெளிப்பக்கம் திருகினால் திறக்காத குமிழ்தான் இருக்கும். குப்பை போடப் போகும் ஒரு நிமிடத்துக்கும் சாவி கையில் இருக்கட்டும். மாட்டிக்கொண்டு, இணையத்தில் முதலில் வரும் எண்ணை அழைத்தால், ராத்திரி நேரத்தில் சில நூறு யூரோ கேட்டு நிற்பார்கள். மொத்தத் தொகையை ஃபோனிலேயே கேட்டு முடிவு செய்த பிறகுதான் வரச் சொல்ல வேண்டும். அதைவிட, மாற்றுச் சாவியை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். சாவியைத் தொலைத்தால் கட்டடத்தின் பூட்டுகளையே மாற்றும் செலவு உங்கள் தலையில் விழலாம். மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடான ஹாஃப்ட்ஃப்லிக்ட் மாதம் சில யூரோதான். சாவி தொலைவதும் அதில் அடக்கமா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் பயணமும்

ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். பால், தயிர், காய்கறி எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். இரவு பத்து முதல் காலை ஆறு வரையும் ஞாயிறு முழுவதும் அமைதி காக்கும் நேரம். ஞாயிறன்று சுவரில் டிரில் போடவே கூடாது. வெட் கிரைண்டரில் தோசைக்கு அரைப்பதையும் சனிக்கிழமை பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய கட்டடத்தின் மரத் தளத்தில் அந்த அதிர்வு கீழ்வீட்டு மேசை வரைக்கும் போகும்.

ரயில் நிலையங்களில் டிக்கெட்டைச் சோதித்து உள்ளே விடும் தானியங்கிக் கதவு கிடையாது, அதனால் டிக்கெட் பற்றி அசட்டையாக இருந்துவிடுகிறோம். காகித டிக்கெட்டை நடைமேடையில் உள்ள பெட்டியில் முத்திரை குத்தாவிட்டால் டிக்கெட் இல்லாத கணக்குதான், அபராதம் 60 யூரோ. டிக்கெட் கட்டணம் ஏ, பி, சி என்ற மண்டலங்களை வைத்துத்தான், விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவை ஏ-பி டிக்கெட்டில் அழைத்து வந்து மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸில் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. அது சந்தா. நிறுத்த வேண்டுமென்றால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும். இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமம் இங்கே குடியேறி ஆறு மாதம் வரைதான் செல்லும், அதற்கு மேல் தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி, ஜெர்மன் உரிமம் வாங்க வேண்டும்.

காப்பீடும் விசாவும்

மருத்துவக் காப்பீட்டில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆண்டுச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் தனியார் காப்பீட்டுக்கு மாறலாம். 2026-இல் அந்த வரம்பு 77,400 யூரோ. வயது இருபத்தெட்டு, தனியாள் என்றால் தனியார் மலிவாகத் தெரியும். கல்யாணமாகி மனைவியும் குழந்தையும் வந்த பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். பொதுக் காப்பீட்டில் வருமானம் இல்லாத துணைக்கும் குழந்தைகளுக்கும் கூடுதல் கட்டணம் இல்லை. மாறிய பிறகு திரும்பி வருவது கடினம், 55 வயதுக்கு மேல் ஏறக்குறைய முடியாது. ராத்திரி காய்ச்சலுக்கு 116117-ஐ அழையுங்கள், உயிருக்கு ஆபத்து என்றால் 112.

விசா முடியும் நாளுக்குச் சில மாதம் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள். நேர்காணல் தேதி தள்ளிப் போனாலும் பரவாயில்லை. முடிவதற்குள் விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகவே சட்டம் கொள்கிறது. அதற்கு ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்ற சான்று தருவார்கள். ஒரு நாள் பிந்தினாலும் அந்தப் பாதுகாப்பு உறுதியில்லை. அந்தச் சான்றை வைத்து வெளிநாடு போய் வரலாமா என்பது அதில் எந்தப் பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது, டிக்கெட் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு ஐந்தாறு வாரம் போகும்போது தபால் பெட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டுக்காரரிடமோ நண்பரிடமோ கொடுத்துவிட்டுப் போங்கள். வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, வந்த உறைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மஞ்சள் உறை வந்தால் அன்றே பிரித்து, எல்லாப் பக்கத்தையும் அனுப்பச் சொல்லுங்கள்.