மான்னா எல்லாம் ஒரே மான் இல்ல: ஐரோப்பாவுல குளம்பு மிருக வேட்டையில தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பாவுல வேட்டைக்குப் போறேன்னு யாராவது சொன்னா "என்ன, மான் வேட்டையா"ன்னு ஒரே வார்த்தையில கேட்டு முடிச்சிடறோம். புதுசா லைசென்ஸ் எடுத்தவங்க பல பேரும் கிட்டத்தட்ட அதே நினைப்போடதான் காட்டுக்குள்ள போறாங்க, முக்கால்வாசி தப்பு அங்கதான் ஆரம்பிக்குது. ரோ மான் முழுசா வளர்ந்தாலும் 20, 30 கிலோதான், நம்ம வெள்ளாடு அளவு. ஸ்வீடன் காட்டுல நிக்கிற கிடா மூஸ், அதுவும் மான் ஜாதிதான், 400 கிலோவைத் தாண்டும். நடுவுல ரெட் டியர், ஃபாலோ, சிகான்னு மான் வகைங்க, காட்டுப்பன்னி, ஆல்ப்ஸ் பாறையில ஷாம்வா, ஐபெக்ஸ்னு மலையாட்டு வகைங்க, மூஃப்லான் செம்மறின்னு ஒரு பெரிய கூட்டமே இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் உடம்பு வேற, பழக்கம் வேற, சட்டமும் வேற.

சட்டத்துல இருந்தே சொல்றேன். ஜெர்மனியில ரோ மானுக்கு 100 மீட்டர்ல தோட்டாவோட வேகசக்தி 1000 ஜூல் இருந்தா போதும், ஆனா ரெட் டியர், பன்னி மாதிரி மத்த குளம்பு மிருகத்துக்கு 6.5 மில்லிமீட்டருக்குக் குறையாத தோட்டா, 100 மீட்டர்ல 2000 ஜூல் வேணும். ரோ மானுக்கு எடுத்த சின்ன ரைஃபிளோட பரண்ல உக்காந்திருக்கும்போது பன்னி வந்து நின்னா, எவ்வளவு ஆசையா இருந்தாலும் விரலை எடுத்துடணும். சீசனும் அப்படித்தான். ஸ்காட்லாந்துல ஆண் மானுக்கு இருந்த தடைக்காலத்தை 2023 அக்டோபர்ல எடுத்துட்டாங்க, பொட்டைக்கு இன்னும் இருக்கு. போன வருஷம் நண்பர் சொன்னதை நம்பிப் போகாதீங்க, ஒவ்வொரு தடவையும் அந்தந்த ஊர் தேதியைப் பாத்துட்டுப் போங்க.

இங்கிலாந்துல முன்ட்ஜாக்னு ஒரு குட்டை மான், சீனாவுல இருந்து கொண்டு வந்தது, வருஷம் பூரா குட்டி போடும், அதனால அதுக்குத் தடைக்காலமே கிடையாது. அதுக்காக கண்ணுல பட்ட பொட்டையை எல்லாம் சுடலாம்னு அர்த்தம் இல்ல. சின்ன வயசுப் பொட்டை, இல்லன்னா வயிறு நல்லா தெரியற நிறைமாசப் பொட்டை, இதைத்தான் எடுக்கச் சொல்லுவாங்க. கேக்க மனசு கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா நிறைமாசமா இருந்தா முந்தின குட்டி பால் மறந்திருக்கும், புதருக்குள்ள பட்டினியா கிடந்து சாகாது.

அடுத்த தப்பு, கொம்பு இருந்தா ஆணு, இல்லன்னா பொட்டைன்னு முடிவு கட்டறது. ஷாம்வாவுல ரெண்டுக்குமே கொம்பு உண்டு, கிடாவுக்குத் தடிமனா, நுனி நல்லா கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும், பொட்டைக்கு ஒல்லியா, வளைவு கம்மியா இருக்கும், இதைத் தூரத்துல இருந்து அவசரத்துல பிரிச்சுப் பாக்கவே முடியாது. ரோ மான்ல கிடா குளிர் தொடங்கற சமயம் கொம்பை உதிர்த்துடும், அப்போ பின்பக்க வெள்ளையைப் பாக்கணும், பொட்டைக்கு அதுல கீழ வால் மாதிரி ஒரு முடிக்கத்தை தொங்கும், அது வால் இல்ல. மங்கலா இருந்து தெரியலன்னா சுடாதீங்க, அவ்வளவுதான்.

எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம் தாய்ப்பன்னி. மக்காச்சோளக் காட்டு ஓரம், இருட்டற நேரம், ஒரு பெரிய பன்னி தனியா வெளிய வந்து மூக்கைத் தூக்கி நிக்கும். தனிக் கிடான்னு நினைச்சு சுட்டுடுவாங்க, ரெண்டு நிமிஷம் கழிச்சு சோளத்துக்குள்ள இருந்து கோடு போட்ட குட்டிங்க ஒண்ணொண்ணா வந்து அதைச் சுத்தி நிக்கும். ஜெர்மனியில இது அபராதத்தோட போற விஷயம் இல்ல, குட்டியை வளக்கற தாயைச் சுடறது குற்ற வழக்கு. கூட்டத்துல முன்னாடி வர்ற பெருசை விட்டுட்டு பின்னாடி வர்ற சின்னதை எடுங்க. ரெட் டியர்லயும் அதே கணக்கு, முதல்ல குட்டி, அப்புறம்தான் தாய்.

பன்னியில இன்னொண்ணு. அதோட முதுகு மேட்டுல இருக்கற பிடரி மயிரைப் பாத்து உடம்போட நடுவைத் தப்பா கணக்குப் போட்டுடுவாங்க. இதயமும் நுரையீரலும் நாம நினைக்கிறதை விட ரொம்பக் கீழ, முன்னங்காலுக்கு நேரா இருக்கு. மேல அடிச்சா குண்டு முதுகெலும்போட மேல்முள்ளுல மட்டும் தட்டிட்டுப் போகும், பன்னி மின்னல் அடிச்ச மாதிரி அதே இடத்துல சாயும், எல்லாரும் கை குலுக்குவாங்க, அரை நிமிஷத்துல எழுந்து ஓடியே போயிடும். ஜெர்மன்காரங்க இதுக்கு க்ரெல்ஷுஸ்னு தனிப் பேரே வெச்சிருக்காங்க. சட்டுனு விழுந்த மிருகத்தை நம்பாதீங்க, உடனே அடுத்த தோட்டாவை ஏத்திட்டு, துப்பாக்கி மேல இருக்கற தொலைநோக்கி, அதான் ஸ்கோப், அதுலயே கண்ணு வெச்சிருங்க.

சுட்டதுக்கு அப்புறம் பண்ற தப்புதான் எல்லாத்தையும் விடப் பெருசு, அது அவசரம். என் ஆரம்ப காலத்துல ஒரு ரோ கிடாவை அடிச்சிட்டு அஞ்சே நிமிஷத்துல பரணை விட்டு இறங்கிப் பின்னாலேயே போனேன். அடிபட்ட இடத்துல புல்லு மேல பச்சையா, செரிக்காத இலையோட ஒரு பிசுபிசுப்பு, நாத்தம் வேற, அது குடல்ல பட்டிருக்குன்னு புரிஞ்சுக்காம போனதால படுத்திருந்த மிருகம் எழுந்து ஓடுச்சு. மறுநாள் காலையில மோப்ப நாய்தான் கண்டுபிடிச்சுது, கறி முழுக்கக் கெட்டுப்போச்சு, ராத்திரி பூரா அது பட்ட வேதனை என்னாலதான். முதல்ல அடிபட்ட இடத்துல ஒரு குச்சியை நட்டு அடையாளம் வெச்சிட்டு ரத்தத்தைப் பாருங்க. இளஞ்சிவப்பா நுரையோட இருந்தா நுரையீரல், பெரும்பாலும் கிட்டத்துலயே கிடக்கும். அடர் பழுப்பா இருந்தா ஈரல், பச்சைக் கலப்பு இருந்தா குடல், இது ரெண்டுக்கும் மணிக்கணக்குல காத்திருக்கணும், காலால ரத்தத் தடத்தை மிதிச்சு அழிக்காம பயிற்சி எடுத்த நாயைக் கூப்பிடணும். பவேரிய மலை நாய், ஹனோவர் நாய் ரெண்டுமே இதுக்குன்னே வளத்த ஜாதி. ஸ்வீடன்ல மூஸ் சுடறவங்க அப்படிப்பட்ட நாய் ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்து சேர்ற மாதிரி முன்னாடியே ஏற்பாடு பண்ணணும்னு விதியே இருக்கு.

மலையில காத்து நம்ம வாடையை மிருகத்துக்கிட்ட கொண்டு போயிடும், அதை மறந்துட்டா நாள் வீண். வெயில் ஏற ஏற காத்து சரிவுல மேல போகும், சாயங்காலம் குளிர்ந்து கீழ இறங்கும், அதனால பகல்ல மேல இருந்து இறங்கி வாங்க, மாலையில கீழ இருந்து ஏறுங்க. செங்குத்தா சுடும்போது ஸ்கோப் காட்டற தூரத்தை அப்படியே நம்பக்கூடாது. 300 மீட்டர், 45 டிகிரி சாய்வுன்னா குண்டுக்கு அது சுமார் 210 மீட்டர் மாதிரிதான், மேல பாத்து சுட்டாலும் கீழ பாத்து சுட்டாலும் குண்டு நினைச்சதை விட உயரமாத்தான் போகும். நார்வேயில காட்டு ரெய்ண்டியர் நெருக்கியடிச்சு நிக்கும், ஒண்ணுல பாஞ்ச குண்டு பின்னாடி நிக்கிறதையும் கிழிக்கும், தனியா விலகற வரைக்கும் காத்திருக்கணும். பின்னாடி மண்ணு இல்லாம மலை முகட்டுல வானத்தோட நிக்கிற மிருகத்தை சுடவே சுடாதீங்க. மிருகத்தை விரட்டி, வரிசையா நிக்கிற வேட்டைக்காரங்க பக்கம் ஓட வைக்கிற விரட்டு வேட்டையில, ஃபிரான்ஸ்காரங்க பக்கத்துல நிக்கிற ஆள் இருக்கற திசையில இருந்து 30 டிகிரி விட்டுட்டுத்தான் சுடுவாங்க, அது உயிரைக் காப்பாத்தற கணக்கு.

கறி விஷயத்துல சுருக்கமா சொல்றேன். பன்னிக்கறியை ட்ரிகினெல்லா புழு டெஸ்ட் முடியாம யாருக்கும் குடுக்காதீங்க. பவேரியாவுல சில காட்டுப் பன்னியில இன்னமும் கதிரியக்க சீசியம் இருக்கு, மண்ணுக்குள்ள இருக்கற ஒரு காளானைத் தோண்டித் திங்கறதால, அந்தக் கதிரியக்கம் கிலோவுக்கு 600 பெக்கரலுக்கு (கதிரியக்கத்தை அளக்கற அலகு) மேல போனா விக்கக்கூடாது. ஆப்பிரிக்கப் பன்னிக் காய்ச்சல் 2020 செப்டம்பர்ல ஜெர்மனிக்குள்ள வந்தாச்சு, மனுஷனுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா அந்தப் பகுதிக்குப் போயிட்டு வந்த பூட்ஸ், கத்தியைக் கழுவாம அடுத்த காட்டுக்குப் போறதும், மிச்ச பன்னிக்கறி சாசேஜை ரோட்டோரம் வீசறதும் பன்னிப் பண்ணைக்கே நோயைக் கொண்டு போகும். வேட்டை நாய்க்குப் பச்சைப் பன்னிக்கறியைப் போடவே போடாதீங்க, ஆயெஸ்கின்னு ஒரு வைரஸ், நாய்க்கு வந்தா பிழைக்காது.

கடைசியா, விழுந்த உடனே போனை எடுத்து மிருகத்து மேல கால் வெச்சு போட்டோ எடுக்கறது. ஜெர்மன் வேட்டைக்காரங்க அதைத் தாண்டிக்கூட நடக்க மாட்டாங்க. வலது பக்கமா படுக்க வெச்சு, ஓக், பைன், ஸ்ப்ரூஸ் இதுல கிடைச்ச மரத்துல ஒரு சின்னக் கிளையை ஒடிச்சு வாயில கடைசி வாய் உணவா வெச்சு, தொப்பியைக் கழட்டிட்டு ஒரு நிமிஷம் நின்னுட்டுத்தான் கத்தியை எடுப்பாங்க.