ராணுவ மொழி வல்லுநர் பயிற்சி: எங்கே சறுக்குகிறார்கள்?

அமெரிக்கப் படைகளுக்கு அயல்மொழி கற்றுத்தரும் முதன்மையான இடம் கலிபோர்னியாவின் மான்டரே நகரில் உள்ள பாதுகாப்பு மொழிக் கல்வி நிறுவனம். டி.எல்.ஐ. என்றால்தான் படையில் எல்லோருக்கும் தெரியும். ஸ்பானிஷ், பிரெஞ்சு மொழிகளுக்கு 36 வாரம். ரஷ்யன், பாரசீகத்துக்கு 48. அரபு, சீனம், கொரியனுக்கு 64. வாரம் ஐந்து நாள், தினமும் ஆறேழு மணி நேரம் வகுப்பு, அதற்கு மேல் இரண்டு மூன்று மணி நேர வீட்டுப்பாடம். உடற்பயிற்சி, அணிவகுப்பு, அறைச் சோதனை எல்லாம் தனிக்கணக்கு. இங்கே தடுமாறுகிறவர்களில் பலர் நல்ல மாணவர்கள்தான். பள்ளி, கல்லூரியில் கைகொடுத்த படிப்பு முறையை அப்படியே கொண்டுவந்து, புத்தகத்தில் மூழ்கி, காதுக்கு வேலை கொடுப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

சேரும் முன்பே ஒரு தவறு நடக்கிறது. டி.எல்.ஏ.பி. என்ற மொழித்திறன் தேர்வு இல்லாத ஒரு மொழியை உருவாக்கி, அதன் விதிகளை அங்கேயே சொல்லி, உடனே பயன்படுத்தச் சொல்லும். ஆகவே படிக்க ஒன்றுமில்லை என்று பலரும் சும்மா போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். பெயர்ச்சொல், வினை, பெயரடை, வேற்றுமை, அசையழுத்தம் ஆகியவற்றில் தெளிவு இருந்தால் விதிகள் சட்டென்று பிடிபடும். மொத்தம் 164 மதிப்பெண். எளிய பிரிவு மொழிகளுக்குக் குறைந்தது 95, அரபு, சீனம் போன்றவற்றுக்கு 110 வேண்டும். எந்த மொழி கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் படையின் தேவைதான் தீர்மானிக்கும். ஒரே மொழியில் மனதை வைத்துக்கொண்டு போனால் முதல் மாதமே கசந்துபோகும்.

வீட்டில் அந்த மொழி பேசி வளர்ந்தவர்கள் வேறு விதமாக ஏமாறுகிறார்கள். இந்தப் பள்ளியின் தொடக்கமே அதற்குச் சாட்சி. 1941 நவம்பர் 1 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பழைய விமானக் கொட்டகையில் 4 ஆசிரியர்கள், 60 மாணவர்களோடு ஜப்பானிய வகுப்பு தொடங்கியது. மாணவர்களில் 58 பேர் ஜப்பானிய அமெரிக்கர்கள். அதற்கு முன் இத்தகைய வீரர்கள் சுமார் 3,700 பேரைச் சோதித்ததில் சரளமாக ஜப்பானியம் தெரிந்தவர்கள் 3 சதவீதம்தான். சாப்பாட்டு மேசையில் பேசும் மொழியில் படைப்பிரிவு, சரக்குப் போக்குவரத்து, நாடாளுமன்ற விவாதம் எதுவும் வராது. வகுப்பில் முதல் இரண்டு மாதம் சுலபமாகப் போவதால் இவர்கள் அசந்துவிடுகிறார்கள். பிறகு பத்திரிகைத் தலையங்கமும் எழுத்துநடைச் சொற்களும் வரும்போது திணறுகிறார்கள்.

இனி காது. சொல் அட்டைகளை இரவெல்லாம் புரட்டி நூறு சொல் மனப்பாடம் செய்தவருக்கு, அதே சொற்கள் செய்தி வாசிப்பில் ஒன்றோடொன்று ஒட்டி வேகமாக வரும்போது பத்துகூடக் காதில் விழுவதில்லை. அச்சில் தெரிந்த சொல்லை ஒலியாகச் சேமித்து வைக்கவில்லை என்பதுதான் காரணம். அட்டையில் ஒலிப்பதிவு இல்லையென்றால் அது பாதி அட்டை. தினமும் அரை மணி நேரம், இரண்டு நிமிட ஒலித்துண்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை நிறுத்தாமல் கேட்டு, விஷயம் என்ன என்று ஒரே வரியில் எழுதுங்கள். இரண்டாவது தடவை பெயர், ஊர், எண் மட்டும். மூன்றாவது தடவை வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, கேட்டதை அந்த மொழியிலேயே எழுதுங்கள். பிறகுதான் எழுத்துப்படியைத் திறக்க வேண்டும். விட்டுப்போனவற்றை மூன்றாகப் பிரித்துக் குறியுங்கள்: தெரியாத சொல், தெரிந்தும் காதில் விழாத சொல், விழுந்தும் வாக்கியத்தில் பொருத்த முடியாத சொல். இரண்டாவது வகை நிறைய இருந்தால், இன்னும் நூறு சொல் மனப்பாடம் செய்வதால் எந்தப் பயனும் இல்லை. அந்த ஐந்து நொடித் துண்டையே திரும்பத் திரும்பக் கேட்டு, கூடவே சொல்லிப் பழக வேண்டும். எழுத்துப்படியைப் பார்த்துக்கொண்டே கேட்பது சுகமாக இருக்கும். ஆனால் அப்போது வேலை செய்வது கண்தான்.

எண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்காதது இன்னொரு பெருந்தவறு. அரபியில் ஒன்றாம் இடம் முதலில் வரும், 25 என்பது 'ஐந்தும் இருபதும்'. களைத்த கை 52 என்று எழுதிவிடும். சீனத்திலும் கொரியனிலும் பெரிய எண்கள் பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணப்படுகின்றன. இரண்டு லட்சம் அங்கே 'இருபது பத்தாயிரம்'. ஆங்கிலத்தில் மாற்றும்போது ஒரு பூஜ்யம் நழுவினால் ஆள்கணக்கே பத்தில் ஒன்றாகிவிடும். கொரியனில் இரண்டு எண்வரிசைகள் வேறு. மணிக்கு ஒன்று, நிமிடத்துக்கு மற்றொன்று. யாரையாவது எண்களை வாசிக்கச் சொல்லி, தினம் ஐந்து நிமிடம் இலக்கத்தில் எழுதிப் பழகுவது போதும். மனதுக்குள் மொழிபெயர்க்காமல் நேராக இலக்கமாக எழுத வர வேண்டும்.

கடைசியில் கேட்டலுக்கும் வாசித்தலுக்கும் டி.எல்.பி.டி. என்ற மொழித்தேர்ச்சித் தேர்வு, பேச்சுக்குத் தனி நேர்காணல். இவற்றை 0 முதல் 5 வரையிலான அளவுகோலில் மதிப்பிடுகிறார்கள், + என்றால் அந்த நிலையைத் தாண்டி, அடுத்த நிலையை எட்டாதது. கேட்டல் 2, வாசித்தல் 2, பேச்சு 1+ என்பது நெடுங்காலம் தேர்ச்சி எல்லையாக இருந்தது. பிறகு இலக்கு 2+, 2+, 2 என்று உயர்ந்தது. நிலை 2 என்றால் யார், எங்கே, என்ன செய்தார் என்பது புரிய வேண்டும். நிலை 3 என்றால், பேசுகிறவர் சொல்லாமல் உணர்த்துவதும் புரிய வேண்டும். ஒலிப்பகுதியில் கேட்ட ஒரு சொல் விடைத் தெரிவில் கண்ணில் பட்டதும் அதையே குறிப்பது இங்கே வழக்கமான விபத்து. கேள்வியை முதலில் படித்து, அது உண்மையைக் கேட்கிறதா, நோக்கத்தைக் கேட்கிறதா என்று பிரித்துக்கொண்டால் பாதி தப்பலாம்.

பேச்சுப் பயிற்சிக்காக இணையத்தில் வெளிநாட்டு நண்பர்களைத் தேடிப்போவது சாதாரண மாணவருக்கு நல்ல வழி. உச்ச ரகசியத் தகவல்களைப் பார்ப்பதற்கான அனுமதிக்குக் காத்திருப்பவருக்கு அது சிக்கல். வெளிநாட்டவரோடு நெருங்கிய, தொடர்ச்சியான பழக்கம் ஏற்பட்டால் தெரிவித்தாக வேண்டும். மறைத்தது பின்னால் தெரியவந்தால், பழக்கத்தைவிட மறைத்ததுதான் பெரிய குற்றமாகும். முதலில் பாதுகாப்பு அதிகாரியிடம் கேளுங்கள். பேசுவதற்கு வகுப்பு ஆசிரியர்களே இருக்கிறார்கள், பெரும்பாலோர் அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

சமிக்ஞை உளவுப் பணிக்கு, அதாவது பிறர் தகவல்தொடர்பை ஒட்டுக்கேட்கும் வேலைக்குப் போகிறவர்களில் பலர் அடுத்து டெக்சஸில் உள்ள குட்ஃபெலோ விமானப்படைத் தளத்தில் தொழில்நுட்பப் பயிற்சி பெறுகிறார்கள். அங்கே கவனம் வேலைமுறைக்குத் திரும்புவதால் மொழி மெல்லத் தேயும். அதன் பிறகு அன்றாடம் ஹெட்போன், கைபேசிக்கு அனுமதியில்லாத அறை, இரவு பகல் மாறி வரும் ஷிஃப்ட். இந்தச் சூழலில் மிக ஆபத்தான பழக்கம், தெளிவில்லாத இடத்தை எதிர்பார்ப்பால் நிரப்புவது. நேற்றைய பேச்சில் வந்த ஊர்ப்பெயர் இன்றும் கேட்பதுபோலவே இருக்கும். காதில் விழாததை 'கேட்கவில்லை' என்றே நேரக்குறிப்போடு எழுதுங்கள். இரண்டு விதமாகக் கேட்டால் இரண்டையும் எழுதுங்கள். கொரியனில் எழுவாய் அடிக்கடி இருக்காது. 'நேற்று போனது' என்று மட்டும் வந்தால், ஆங்கிலத்துக்காக ஓர் 'அவர்' சேர்ப்பது புதிதாக ஓர் ஆளை உருவாக்குவதாகும். அது ஊகம் என்று குறித்தாக வேண்டும்.

இரைச்சல் கூடும்போது ஒலியளவைக் கூட்டுவதும் தவறு. பேச்சோடு இரைச்சலும் சேர்ந்துதான் ஏறும், தெளிவு வராது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் பாதுகாப்பு என்றால், 88இல் நான்கு மணி, 91இல் இரண்டு மணிதான். இரைச்சலைக் குறைக்கும் ஒலி வடிகட்டியை மாற்றிப் பாருங்கள், சிக்கலான துண்டைப் புதிய காது ஒன்றிடம் கொடுங்கள், மணிக்கொரு முறை ஹெட்போனைக் கழற்றுங்கள்.

மொழித் தேர்வு வழக்கமாக ஆண்டுதோறும் திரும்ப வரும். மொழிக்கும் மதிப்பெண்ணுக்கும் ஏற்ப மாதம் அதிகபட்சம் 1,000 டாலர் வரை ஊக்கத்தொகை அதைப் பொறுத்தது. வேலையில் தினமும் கேட்கிறோமே என்று நம்பித் தேர்வுக்கு முந்தைய வாரம் புத்தகம் திறப்பவர்களுக்கு மதிப்பெண் சரிகிறது. வேலையில் கேட்பது ஒரு குறுகிய சொல்வட்டம். தேர்வில் பொருளாதாரம், அறிவியல், பண்பாடு எல்லாம் வரும். டி.எல்.ஐ.யின் குளோஸ் இணையப் பாடங்கள் யாருக்கும் இலவசம், ஒவ்வொன்றிலும் நிலை எண் உண்டு. உங்கள் நிலைக்கு அரைப்படி மேலே உள்ள பாடங்களில் வாரம் மூன்றை, வேலையில் தொடாத தலைப்புகளாகப் பார்த்து எடுத்துச் செய்யுங்கள்.