ஆசியக் கோப்பையில் இந்தியா: கால்பந்து வரலாற்றை நீங்களே எழுதி வைப்பது எப்படி

இந்திய கால்பந்து அணி ஆசியக் கோப்பையில் எப்படி ஆடியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு காலத்தில் ஆசியாவையே ஆண்டோம்" என்பார் ஒருவர், "எப்போதுமே முதல் சுற்றோடு வீட்டுக்கு வந்துவிடுவோம்" என்பார் இன்னொருவர். இரண்டுமே தப்பு. இதைச் சரியாகத் தெரிந்துகொள்ள பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. ஆண்கள் அணி இதுவரை ஆடியது மொத்தமே ஐந்து தொடர், 16 ஆட்டம். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் முடிந்துவிடும், ஆனால் எதை எந்த வரிசையில் எழுதுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் போட்டிகளைப் பிரியுங்கள். ஆசியப் போட்டி வேறு, ஆசியக் கோப்பை வேறு. 1951-இல் டெல்லியிலும் 1962-இல் ஜகார்த்தாவிலும் இந்தியா தங்கம் வாங்கியது ஆசியப் போட்டியில், அதாவது தடகளம், நீச்சல் எல்லாம் சேர்ந்த பல விளையாட்டுத் திருவிழாவில். 1956 மெல்போர்னில் நான்காம் இடம் பிடித்தது ஒலிம்பிக்கில். இந்த மூன்றையும் ஆசியக் கோப்பையோடு கலந்து எழுதுகிறவர்கள் ஏராளம். அவை பெருமையான விஷயங்கள்தான், ஆனால் இந்த நோட்டில் அவற்றுக்கு இடமில்லை, வேண்டுமானால் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் கட்டம் போடுங்கள். ஆண்டு, எங்கே நடந்தது, எத்தனை அணிகள், இந்தியா எந்த வழியாக உள்ளே வந்தது, யாரோடு என்ன முடிவு, இவ்வளவு போதும். 'எத்தனையாவது இடம்' என்ற கட்டத்தை நான் வேண்டுமென்றே முதலில் போடுவதில்லை. ஏன் என்று 1964-ஐ எழுதும்போது புரியும்.

1964-இல் இஸ்ரேலில் நடந்த தொடரில் இந்தியாவுக்கு இரண்டாம் இடம். இன்றுவரை நம் உச்சம் அதுதான். ஆனால் 'எத்தனை அணிகள்' கட்டத்தில் 4 என்று எழுத வேண்டியிருக்கும். 'உள்ளே வந்த வழி' கட்டத்தில், தகுதிச்சுற்றில் எதிரணிகள் விலகிவிட்டதால் ஆடாமலே இடம் கிடைத்தது என்று எழுத வேண்டியிருக்கும். சரி, அப்படியானால் அது சும்மா கிடைத்த இரண்டாம் இடமா? இல்லை, ஆட்ட முடிவுகளையும் எழுதுங்கள். மே 27, நேரு இறந்த அதே நாளில், முதல் ஆட்டத்தில் தென் கொரியாவை 2-0 என்று வென்றோம், கோல் போட்டவர்கள் அப்பலராஜுவும் இந்தர் சிங்கும். அந்தத் தென் கொரியா 1956, 1960 என்று அதற்கு முன் நடந்த இரண்டு கோப்பைகளையும் வென்ற அணி. அடுத்து இஸ்ரேலிடம் 0-2 தோல்வி, கடைசியாக ஹாங்காங்கை 3-1 என்று வீழ்த்தினோம். இறுதிப்போட்டி என்று ஒன்று கிடையாது, நான்கு அணியும் ஒன்றோடொன்று மோதி, புள்ளி அதிகம் எடுத்தது சாம்பியன். "இறுதிப்போட்டியில் இஸ்ரேலிடம் தோற்றோம்" என்று எங்காவது படித்தால் அதை நம்ப வேண்டாம். இஸ்ரேல் இன்று ஆடுவது ஐரோப்பாவில் என்பதையும் ஓரமாகக் குறித்துவையுங்கள், பின்னால் படிக்கிறவர் குழம்பமாட்டார்.

இடம் என்ற ஒற்றை எண் பாதியைத்தான் சொல்லும். அதனால்தான் அதைக் கடைசியில் நிரப்பச் சொல்கிறேன்.

அடுத்த வரிசை 1984, சிங்கப்பூர். 10 அணிகள், ஐந்து ஐந்தாக இரண்டு குழு. சிங்கப்பூரிடம் 0-2, ஐக்கிய அரபு அமீரகத்திடம் 0-2, சீனாவிடம் 0-3, ஈரானோடு 0-0. நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. ஆனாலும் அந்த ஈரான் டிராவை அடிக்கோடிட்டு வையுங்கள், 16 ஆட்டத்தில் நமக்குக் கிடைத்த ஒரே டிரா அதுதான், அதுவும் கோப்பையை மூன்று முறை வென்றிருந்த அணியோடு.

1984-க்கும் அடுத்ததற்கும் நடுவில் 27 ஆண்டு இடைவெளி. இங்கே நிறையப் பேர் செய்கிற தவறு, அந்த ஆண்டுகளை எழுதாமல் தாண்டிவிடுவது. அப்படிச் செய்யாதீர்கள். 1988, 1992, 1996, 2000, 2004, 2007 என்று ஒவ்வொன்றையும் எழுதி 'தகுதி பெறவில்லை' என்று போடுங்கள். கண்ணுக்கு நேராக ஆறு வரி காலியாக நிற்கும்போதுதான் 2011-இல் திரும்பப் போனது எவ்வளவு பெரிய விஷயம் என்று உறைக்கும்.

அந்த 2011-க்கு வழி திறந்தது ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு (ஏஎஃப்சி) நடத்திய 2008 சேலஞ்ச் கோப்பை. டெல்லி அம்பேத்கர் மைதானத்தில் நடந்த இறுதிப்போட்டியில் தஜிகிஸ்தானை 4-1 என்று வென்றோம், அதில் சுனில் சேத்ரி ஹாட்ரிக். பரிசாகக் கிடைத்தது கத்தாருக்கான டிக்கெட். அங்கே ஆஸ்திரேலியாவிடம் 0-4, பஹ்ரைனிடம் 2-5, தென் கொரியாவிடம் 1-4. 13 கோல் வாங்கினோம் என்பதோடு நிறுத்தினால் அது அநியாயம். கோல்கீப்பர் சுப்ரதா பால் அந்த மூன்று ஆட்டத்திலும் தடுத்த பந்துகளை வீடியோ கிடைத்தால் பாருங்கள், அவர் இல்லையென்றால் இந்த எண் எங்கே போயிருக்கும் என்று தெரியும். 2015-க்குப் போகவில்லை, அதற்கும் ஒரு வரி.

இப்போது 2019. எல்லா ஆட்டத்தையும் ஒரே அளவுக்கு எழுத வேண்டியதில்லை, ஒன்றை மட்டும் எடுத்து ஆழமாகத் தோண்டுங்கள். என்னைக் கேட்டால் அது 2019 ஜனவரி 14, ஷார்ஜாவில் பஹ்ரைனோடு ஆடியது. தாய்லாந்தை 4-1 என்று அடித்து, 1964-க்குப் பிறகு முதல் வெற்றி பெற்று, அமீரகத்திடம் 0-2 தோற்று, மூன்று புள்ளியோடு வந்து நின்றோம். டிரா போதும். 90 நிமிடம் முடியும்வரை 0-0. வீணான நேரத்துக்காக 90-க்கு மேல் சேர்த்த நேரத்தின் முதல் நிமிடத்தில் நம் பெனால்டி பகுதிக்குள் ஒரு ஃபவுல், பஹ்ரைனின் ஜமால் ரஷீத் பெனால்டியை கோலாக்கினார், போச்சு.

இங்கேதான் புள்ளிப்பட்டியலை நீங்களே இரண்டு முறை போட்டுப் பார்க்க வேண்டும், ஒன்று நடந்தபடி, இன்னொன்று அந்தப் பெனால்டி இல்லாமல். நடந்தபடி: அமீரகம் 5, தாய்லாந்து 4, பஹ்ரைன் 4, இந்தியா 3. பெனால்டி இல்லாமல்: அமீரகம் 5, இந்தியா 4, தாய்லாந்து 4, பஹ்ரைன் 2. புள்ளி சமமானால் நேருக்கு நேர் மோதிய ஆட்டம்தான் கணக்கு, நாம் தாய்லாந்தை வென்றவர்கள், ஆக குழுவில் இரண்டாம் இடம், நேராக அடுத்த சுற்று. இரண்டாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்கு ஒரே ஒரு பெனால்டியில் விழுந்தோம். அதோடு வியட்நாமையும் பக்கத்தில் எழுதுங்கள். அவர்களுக்கும் அதே 3 புள்ளிதான், கோல் வித்தியாசம் -1, நமக்கோ 0. ஆனால் அவர்கள் தங்கள் குழுவில் மூன்றாவதாக வந்ததால், மூன்றாம் இடம் பிடித்தவர்களில் சிறந்த நான்கு அணிகளில் ஒன்றாக உள்ளே போய், காலிறுதிவரை ஆடினார்கள். 'கடைசி இடம்' என்று மட்டும் எழுதியிருந்தால் இதில் எதுவுமே தெரியாது. எனக்கு இன்னும் ஆறாத ஆட்டம் இது.

அடுத்ததில் ஆண்டுக் குழப்பம் வரும், கவனம். பெயர் 2023 ஆசியக் கோப்பை, நடந்தது 2024 ஜனவரியில். சீனாவில் நடக்க வேண்டியது கத்தாருக்கு மாறியது. நோட்டில் இரண்டு ஆண்டையும் எழுதுங்கள். கொல்கத்தாவில் 2022 ஜூனில் கம்போடியா, ஆப்கானிஸ்தான், ஹாங்காங் மூன்றையும் வென்று தகுதி பெற்றோம், ஆனால் கத்தாரில் ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. ஆஸ்திரேலிய ஆட்டத்துக்கு நடுவர் ஜப்பானின் யோஷிமி யமாஷிதா, ஆண்கள் ஆசியக் கோப்பையில் நடுவராக நின்ற முதல் பெண். இந்த மாதிரித் தகவலுக்கு ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு வைத்தால் நல்லது.

எல்லாம் எழுதியபின் கூட்டிப் பாருங்கள், இதுதான் தப்பு கண்டுபிடிக்கிற வழி. வெற்றி 3, டிரா 1, தோல்வி 12, மொத்தம் 16 வர வேண்டும். போட்ட கோல் 5, 0, 3, 4, 0 என்று 12, வாங்கியது 3, 7, 13, 4, 6 என்று 33. உங்கள் கூட்டல் வேறு எண்ணைக் காட்டினால் எங்கோ ஓர் ஆட்டம் விட்டுப்போயிருக்கிறது, அல்லது தகுதிச்சுற்று ஆட்டம் ஒன்று உள்ளே நுழைந்திருக்கிறது. பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும்.

தகுதிச்சுற்றுகளுக்குத் தனிப் பக்கம் வேண்டும். 2027 சவூதி அரேபியாவில், அதற்கும் இந்தியா இல்லை, காரணம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். 2025 அக்டோபர் 14, கோவாவில் நம் வீரர் சாங்டே போட்ட கோலோடு முன்னிலை பெற்ற பிறகு, சிங்கப்பூரிடம் 1-2 தோல்வி. 2027 வரியில் 'தகுதி பெறவில்லை' என்று எழுதி, பக்கத்திலேயே இந்த ஆட்டத்தின் தேதியையும் போட்டுவிடுங்கள்.